லாம் அக்காவும் காளான் பொடியும்

எங்கள் கம்பெனியில் அவரை எல்லோரும் ‘லாம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடும்.

கம்பெனிக்குக் காட்டுக் காளான் வியாபாரம். மழை விட்ட மறுநாள் காலையில் மலையடிவாரத்திலிருந்து கூடைகள் வந்து இறங்கும். நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, தண்டின் அடியை நறுக்கி, புழு இருக்கிறதா என்று பிளந்து பார்த்து, தட்டுகளில் பரப்பி வெயிலில் வைப்போம். காய்ந்ததில் பாதி துண்டுகளாகவே பாக்கெட்டுக்குப் போகும். மீதி மெஷினில் அரைபட்டுப் பொடியாகும். பொடிப் பாக்கெட்டுக்கு வாய் ஒட்டி ஸ்டிக்கர் போடுவது என் வேலை. வாசல் பலகையில் ‘ஆய்வகத்துடன் கூடியது’ என்று ஒரு வரி உண்டு. அந்த ஆய்வகத்துக்குள் ஒரு தராசும், கால் உடைந்த நாற்காலியும், முதலாளியின் மழைக்கோட்டும் பல வருடங்களாக ஆய்வில் இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் முதலாளியைக் குறை சொல்ல முடியாது. நன்றாகத் தெரிந்த மூன்றே வகைக் காளான்தான் மேசைக்கு வரும். மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைத்தொட்டிக்கு. சந்தேகம் வந்தாலும் குப்பைத்தொட்டிக்கு. காட்டுக் காளானில் அச்சு அசலாக ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். ஒன்று சட்டிக்குப் போகும், மற்றது சாப்பிட்டவனைக் கூட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போகும். செத்தவன் அடுத்த பாக்கெட் வாங்க மாட்டான் என்பது முதலாளியின் மனிதாபிமானம்.

அக்கா முதலில் அந்த மேசைக்குத்தான் வந்தார். தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டத்தைக் காட்டிய இடங்களில் எல்லாம் ரொம்ப மரியாதையாக வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்கள். எங்கள் முதலாளி பட்டத்தைப் பார்க்கவே இல்லை. விரல்களைப் பார்த்தார், பிரஷ்ஷைக் கொடுத்தார். அக்காவும் மறுபேச்சில்லாமல் மண் தட்டத் தொடங்கினார்.

அவர் வந்த சில நாட்களில் புது ஸ்டிக்கர் வந்தது. முதலாளியே எழுதியது. பெருமையோடு எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தார். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“சார், இதுல ‘சுத்தமான காலன் பொடி’ன்னு போட்டிருக்கு.”

“ஆமா. அதுக்கென்ன?”

“காலன்னா எமன், சார். அடுத்த வரியில ‘குழந்தைகளுக்கும் தரலாம்’னு வேற இருக்கு.”

அன்று மதியமே அக்கா பிரஷ்ஷிலிருந்து பேனாவுக்கு உயர்த்தப்பட்டார். ஆய்வகத்தின் உடைந்த நாற்காலிக்கு அடியில் செங்கல் வைத்து அவருக்குக் கொடுத்தார்கள். மழைக்கோட்டுக்கு எதிரே அமர்ந்து அவர் லேபிள் எழுத ஆரம்பித்தார்.

இங்கேதான் தமிழ் படித்தவர்களை வேலைக்கு வைப்பதன் தொல்லை தெரிந்தது. அவர் எழுதுவதற்கு முன்னால் படித்தார். அரசாங்க உணவு ஆராய்ச்சிக்காரர்கள் போட்ட சிறு புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கும் சொல்வார். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். காய்ந்த பிறகு பார்த்தால் புரதம் நல்ல அளவில் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, கொழுப்பு மிகக் குறைவு. பொட்டாசியம் உண்டு, சில பி வைட்டமின்கள் உண்டு. நாங்கள் செய்வதுபோல வெயிலில் பரப்பினால் வைட்டமின் டி-யும் கூடும். இதெல்லாம் அளந்து பார்த்த சங்கதி, தைரியமாக எழுதலாம். ஆனால் சர்க்கரை, கொழுப்பு, எதிர்ப்புச் சக்தி என்று மருத்துவ குணம் பேசத் தொடங்கினால் பெரும்பாலும் அது சோதனைக் குழாயில் நடந்தது, இல்லையென்றால் எலிக்கு நடந்தது. மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சிறியவை, இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஆகவே அக்கா ‘உதவலாம்’ என்று எழுதினார். ‘குறைக்க வாய்ப்பிருக்கலாம்’ என்று எழுதினார். ஒரு லேபிளில் எங்கு பார்த்தாலும் லாம், லாம் என்று மணி அடிப்பதுபோல இருந்தது. பட்டப்பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. முதலாளிக்கு வயிறு எரிந்தது.

“வாங்கலாமா வேண்டாமான்னு வர்றவன்கிட்ட நாமளே லாம் லாம்னு இழுத்தா எப்படிம்மா வாங்குவான்?”

எலிக்கு நடந்ததை மனிதருக்கு நடந்ததாக எழுத முடியாது என்றார் அக்கா. எலி என்ற சொல் உணவுப் பாக்கெட்டில் எந்த வடிவத்திலும் வரக்கூடாது என்றார் முதலாளி. இருவரும் ஒருவழியாக ‘ஆரம்பகட்ட ஆய்வுகள்’ என்பதில் சமாதானமானார்கள். எலிகளுக்கு இதைவிடக் கௌரவமான பெயரை யாரும் வைத்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிலுநர் பக்கம் ஸ்டியரிங்கும், இவர் பக்கம் இன்னொரு பிரேக்கும் இருக்கும் வண்டி. பல வருடங்களாக அடுத்தவர் ஓட்ட, இவர் பிரேக் போட்டே பழகியதால், வீட்டிலும் அந்த ஒரு பெடல்தான் வேலை செய்யும். நல்ல மனிதர், குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். மனைவி சொல்வதை நம்ப மாட்டார், அவ்வளவுதான். உப்பு தீர்ந்துவிட்டது என்று அக்கா சொன்னால் எழுந்து போய் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் கடைக்குக் கிளம்புவார். ஆனால் அச்சில் வந்தது எதுவாக இருந்தாலும் அவருக்கு வேதவாக்கு. வாழைப்பழம் சுற்றி வந்த பழைய பேப்பரில் போன வருடத்துப் புயல் எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் துணியை எடுத்து உள்ளே போட்டவர்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காலையும் மாலையும் மாத்திரை. அதை அவர் விழுங்கும் முகத்தைப் பார்த்தால் மாத்திரை கண்டுபிடித்தவர் மனம் நொந்துபோவார்.

அப்படியிருக்க, பொடிக்குப் புது ஸ்டிக்கர் அடிக்க வேண்டி வந்தது. அக்கா எழுதிக் கொடுத்த வரி, ‘சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவலாம்’. அச்சகத்தில் வைத்துப் பார்த்தபோது கடைசிச் சொல் மட்டும் தனியாகக் கீழே விழுந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அச்சுக்காரர் போனில் சொன்னார். முதலாளி போனிலேயே திருத்திவிட்டார். ‘சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்’ என்று ஒரே வரியில் கச்சிதமாக உட்கார்ந்தது. ‘ஆரம்பகட்ட ஆய்வுகள்’ என்பதும் இடநெருக்கடியில் ‘ஆய்வுகள்’ ஆயிற்று. எலிகளுக்குப் பதவி உயர்வு.

சுருள் சுருளாக ஸ்டிக்கர் வந்து இறங்கிய பிறகுதான் அக்கா பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. நேராக முதலாளியின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“ஒரே ஒரு சொல்லும்மா. அதுக்குப் போய் இவ்வளவு கோபமா?”

“அந்த ஒரு சொல்லுக்குத்தான் சார் நீங்க எனக்குச் சம்பளம் குடுக்கறீங்க.”

அடித்ததைத் தூக்கிப்போட முடியாது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. ‘லாம்’ அவருக்கும் தேவைப்படும் இடங்கள் உண்டு.

வீட்டுக்குப் போய் அக்கா இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார். முதலாளி செய்த அநியாயம், ஒரு சொல்லால் வரக்கூடிய கேடு எல்லாம் ஒரு காது வழியாக வந்து மறு காது வழியாகப் போயின. காளான் பொடி, சர்க்கரை என்ற இரண்டு சொற்கள் மட்டும் உள்ளே தங்கிவிட்டன. அடுத்த வாரமே மருந்துக் கடையில் அதே பொடி கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அலமாரியில் சாவி போட்டுப் பூட்டியிருந்ததால் நம்பிக்கை இன்னும் கூடிற்று. வாங்கி வந்து, மாத்திரை அட்டையை வீட்டு அலமாரியின் உச்சித் தட்டுக்கு அனுப்பிவிட்டு, வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடித்தார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “என்னங்க, அதை எழுதினதே நான்தான். அந்த வரியை மாத்தினது எங்க முதலாளி. அவருக்குக் காளானுக்கும் காலனுக்கும் வித்தியாசம் தெரியாது.”

“நீ எழுதினது வேற. இது அச்சுல வந்திருக்கு. பொய்யா இருந்தா அச்சடிப்பானா?”

எழுதியவரே வந்து பொய் என்று சொன்ன பிறகும் நிமிர்ந்து நிற்பதுதான் அச்சின் மகிமை.

பொடி வேலை செய்யத் தொடங்கியது. அதாவது, மாத்திரை வேலை செய்வதை நிறுத்தியது. முதலில் தாகம் வந்தது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததெல்லாம் உடனே வெளியே வந்தது. உடம்பில் சேர்ந்த கழிவை எல்லாம் பொடி கழுவித் தள்ளுகிறது என்று விளக்கம் சொன்னார். அடுத்து உடம்பு இளைத்தது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் ரகசியம் கேட்டார்கள். நோய் முற்றுவதற்கு இத்தனை பாராட்டு வாங்கியவர் அவராகத்தான் இருப்பார்.

அக்கா விடவில்லை. ரத்தம் சோதித்துப் பார்க்கலாம், வாருங்கள் என்று கெஞ்சினார். நம்பிக்கை இல்லாமல் சோதித்தால் மருந்து பலிக்காது என்று பிரேக் விழுந்தது. மாத்திரையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். தட்டு திரும்பி வந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள்தான் அது தனக்கு எதிரான நடவடிக்கை என்பதே வீட்டுக்காரருக்குத் தெரிந்தது.

கம்பெனி வாசலுக்கு அக்காவை அழைத்துப் போக ஒருநாள் அவர் வந்தபோது முதலாளி பார்த்துவிட்டார். தொளதொள சட்டைக்குள் நின்ற உருவத்தைக் கண்டு அவருக்குப் பரவசம். கையோடு ஒரு போட்டோ எடுத்தார். கல்யாண ஆல்பத்திலிருந்து பழைய குண்டு முகத்தையும் வீட்டுக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த சுருளில் ‘முன்பு, பின்பு’ என்று இரண்டு படமும் பாக்கெட்டின் பின்பக்கம் ஏறின. அந்த ஸ்டிக்கருக்கு அக்காவிடம் யாரும் எதுவும் எழுதக் கேட்கவில்லை. அக்காவுக்குத் தாலி கட்டியவரின் முகத்தைப் பாக்கெட் பாக்கெட்டாக நான்தான் ஒட்டினேன். அக்கா என் மேசைப் பக்கமே வராமல் சுற்றி நடந்தார்.

காரில் பாடம் நடக்கும்போது வீட்டுக்காரர் பொடிப் பிரசாரமும் செய்வார். பயிலுநர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதால் காதைப் பொத்த வழியில்லை. கிளட்சை மெதுவாக விடு, காளானில் கறியைவிடப் புரதம் அதிகம், இண்டிகேட்டர் போடு. காய்ந்த காளானையும் ஈரக் கறியையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வரும். கறியையும் காயவைத்துவிட்டுப் பார்க்கலாமே என்று அக்கா ஒருமுறை சொன்னதற்கு, விதண்டாவாதம் என்று பெயர் கிடைத்தது. அதுவும் அவர் குடித்தது நாளுக்கு ஒரு ஸ்பூன். அதில் உள்ள புரதத்துக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையே பெரியண்ணன்.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒரு நர்ஸ் இருந்தார். லைசென்ஸ் தேர்வில் தோற்று மறுபடி சேர்ந்தவர். வண்டி அவர் கைக்குப் போனால் இருமி இருமி நின்றுவிடும். இருந்தாலும் மனிதர்களைப் பார்க்கத் தெரிந்தவர். பக்கத்தில் இருப்பவர் சிக்னலுக்குச் சிக்னல் தண்ணீர் குடிப்பதும், பெட்ரோல் பங்க்கைக் கண்டாலே வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கழிப்பறைக்கு ஓடுவதும் அவர் கண்ணில் பட்டன. சர்க்கரை உண்டா, மாத்திரை போடுகிறீர்களா என்று விசாரித்தார். மாத்திரையை விட்டாயிற்று, பொடிதான் என்று இவர் பெருமையாகச் சொல்ல, நர்ஸுக்கு கியரே மறந்துவிட்டது.

அப்போது எதிரே ஒரு தெருமுனை வந்தது. நுழையக் கூடாது என்ற சிவப்புப் பலகை ஆள் உயரத்துக்கு நின்றது. இவருக்குக் கொஞ்ச நாளாகவே கண் மங்கல். அதுவும் கழிவு போவதன் அறிகுறி என்று விட்டிருந்தார். பலகை அவருக்கு ஒரு சிவப்புப் பூசணிக்காய் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். நேராகப் போகச் சொன்னார். சொன்ன சொல் தட்டாத நர்ஸ் நேராகப் போனார். எதிரே ஒரு பஸ் முழுத் தெருவையும் அடைத்துக்கொண்டு வந்தது. இவர் பிரேக்கை மிதிக்கவில்லை, ஏனென்றால் பஸ்ஸே தெரியவில்லை. நர்ஸ்தான் மிதித்தார். பஸ்ஸின் மூக்கும் காரின் மூக்கும் முத்தமிடாத குறை.

பஸ் டிரைவர் இறங்கி வந்து திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், சீட்டில் சாய்ந்து கிடந்த இவருடைய முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். நர்ஸ் பின்னால் எடுத்தார், திருப்பினார், ஒரு இடத்திலும் நிற்காமல் நேரே தன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அன்றைக்கு அவருக்குத் தேர்வு வைத்திருந்தால் முதல் மார்க்.

விரலில் குத்தி மீட்டரில் வைத்தார்கள். எண்ணுக்குப் பதிலாக ‘ஹை’ என்று வந்தது. இவர் அந்த நிலையிலும் லேசாகச் சிரித்து, மெஷின் வணக்கம் சொல்கிறது என்றாராம். தன்னால் எண்ண முடியாத அளவுக்குச் சர்க்கரை போய்விட்டால் அந்த மீட்டர் அப்படித்தான் காட்டும் என்று நர்ஸ் விளக்கினார். சிரிப்பு நின்றது. உடனே படுக்கவைத்து ஊசியும் ட்ரிப்ஸும் ஏற்றினார்கள்.

அக்கா வேலையைப் போட்டது போட்டபடி ஓடினார். துணைக்கு நானும் போனேன். டாக்டர், இவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும், அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை என்றார். பிறகு, இந்த வரியை எழுதிய புண்ணியவான் யாரோ என்று பாக்கெட்டிடமே கேட்டார்.

“நான்தான் டாக்டர்,” என்றார் அக்கா. “உதவலாம்னு எழுதினேன். இடம் பத்தலைன்னு எடுத்துட்டாங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். காளான் நல்ல சாப்பாடுதான், தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் மாத்திரை இருந்த இடத்தில் அதை உட்காரவைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். அழவில்லை. அத்தனை நாளும் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தவருக்கு அன்று எல்லோர் மேலும் வந்துவிட்டது. தன் மேலும் கொஞ்சம்.

ஆனால் வீட்டுக்காரரை மாற்றியது டாக்டர் இல்லை. மறுநாள் தரை துடைக்க வந்த பெண் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பாக்கெட்டில் இருப்பவர் நீங்கள்தானே என்று கேட்டார். தன் அம்மாவுக்கும் சர்க்கரை என்றும், அவர் படத்தைப் பார்த்த பிறகுதான் பொடி வாங்கிக் கொடுப்பதாகவும், அம்மா இப்போது நன்றாக இளைத்திருப்பதாகவும் சந்தோஷமாகச் சொன்னார்.

வீட்டுக்காரர் ட்ரிப்ஸ் குழாயோடு எழுந்து உட்கார்ந்தார்.

“அதைக் குடுக்காதம்மா. இன்னைக்கே நிறுத்து. பழைய மாத்திரையக் குடு. உங்கம்மாவ இங்க கூட்டிட்டு வந்து காட்டு.”

“பாக்கெட்ல நல்லதுன்னு போட்டிருக்கேங்க.”

“அச்சுல போட்டா ஆச்சா? எம் பொண்டாட்டியக் கேளு, அவ சொல்லுவா.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தன் பேச்சு சாட்சிக்கு அழைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை என்று அக்கா பின்னால் சொன்னார். அதற்கு இவ்வளவு செலவாகியிருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளியிடம் போய், விளம்பரத்தில் இருக்கும் ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வருகிறவர் போகிறவர் எல்லாம் அடையாளம் காண்கிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் தெரிவித்தார். எத்தனை வேண்டுகோளுக்கும் அசையாத மனம் அந்த வாக்கியத்துக்கு வெண்ணெயாய் உருகியது. கடைகளில் கிடந்த பாக்கெட் எல்லாம் திரும்ப வந்தன. ஸ்டிக்கர்களை உரித்துப் போட்டோம். முதலாளி பக்கத்தில் நின்று, தனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த வரியில் சந்தேகம் என்றார்.

புது லேபிளை அக்காவே எழுதி, அச்சகத்துக்கும் தானே போய் நின்றார். ‘இது உணவு, மருந்து அல்ல. எந்த மாத்திரையையும் இதற்காக நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவும்’ என்று பெரிய எழுத்தில் வந்தது. கீழே புரதம், நார்ச்சத்து எல்லாம் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு என்று, வெட்கப்படும்படி சின்ன எண்களில் இருந்தன. இத்தனைக்கும் இடம் வேண்டி பாக்கெட்டையே பெரிதாக்க நேர்ந்தது. உள்ளே பொடி அதே அளவுதான் என்பதில் முதலாளிக்கு ஆறுதல்.

இனி வியாபாரம் படுத்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். கொஞ்ச நாள் படுத்தது. பிறகு எழுந்து உட்கார்ந்தது. ஏன் என்று மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்தோம். மாத்திரையை நிறுத்தாதே என்று கம்பெனியே பயந்து எழுதுகிறதென்றால் பொடி எவ்வளவு வீரியமானதாக இருக்கும் என்று ஜனங்கள் பேசிக்கொள்கிறார்களாம். அக்கா அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் மழைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் தேறிவிட்டார். கண் தெளிந்தது, கன்னம் பழையபடி உப்பியது. மாத்திரை தவறுவதில்லை. முகம் சுளிப்பதும் தவறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா காளானைப் பொடியாக இல்லாமல் காளானாகவே சமைக்கிறார். நன்றாக வேகவைத்துத் தட்டில் போட்டால் வாய்பேசாமல் சாப்பிடுகிறார். காரில் இப்போது மாத்திரைப் பிரசாரம் நடக்கிறது. பயிலுநர்களுக்கு விடிவு இல்லை.

லேபிளில் ஒரு போன் நம்பரும் போடச் சொல்லிவிட்டு, அந்தப் போனை அக்காவின் மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார் முதலாளி. தண்டனை என்று நினைத்துத்தான் வைத்தார். ஆனால் அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. போன வாரம் ஒரு அம்மாள் கூப்பிட்டார். நான் அப்போது ஸ்டிக்கர் வாங்க உள்ளே போயிருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது. மூட்டு வலிக்குக் கேட்குமா என்றார். கேட்காது என்றார் அக்கா. முடி வளருமா? வளராது. தூக்கம்? அதற்கும் இல்லை.

அந்தப் பக்கம் பொறுமை போய்விட்டது. “அப்புறம் எதுக்குத்தாம்மா அது நல்லது?”

“பூண்டும் மிளகும் போட்டு வதக்குங்க. சாப்பாட்டுக்கு நல்லா இருக்கும். பொடி வேண்டாம், துண்டு பாக்கெட்டா வாங்கிக்கோங்க.”

பூண்டை நசுக்கிப் போட வேண்டுமா, முழுசாகப் போடலாமா என்று அந்த அம்மாள் கேட்டார். நசுக்கியே போடலாம் என்று சொல்லிவிட்டு, அக்கா செங்கல் வைத்த நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார்.